கோடைல வெள்ளம் வந்தா வீட்ல மொதல்ல சம்ப்ப பாருங்க

நவம்பர்னா நம்ம ஊர்ல எல்லாரும் உஷாரா இருப்போம், மழை அறிவிப்பு வந்த உடனே வண்டிய கொண்டுபோய் மேம்பாலத்துல நிறுத்திடுவோம், பீரோவோட கீழ்த் தட்டுல இருக்கறத எல்லாம் மேல ஏத்திடுவோம். ஜூன்ல அப்படி இல்ல. லாரித் தண்ணிய காசு குடுத்து வாங்கி, தரைக்கு அடில இருக்கற தண்ணித் தொட்டிய, அதான் சம்ப்ப, ரொப்பி வெச்சுட்டு மூடியக்கூட சரியா மூடாம தூங்குற மாசம் அது. 2023 ஜூன் 18 ராத்திரி பிடிச்ச மழை, விடியறதுக்குள்ள மீனம்பாக்கத்துல 15 செ.மீ. தாண்டிருச்சு, சென்னைல ஸ்கூலுக்கெல்லாம் லீவு விட்டாங்க. 1996 ஜூன்ல இத விட பெரிய மழை, நுங்கம்பாக்கத்துல ஒரே நாள்ல 30 செ.மீ.க்கு மேல. அதனால கோடைல வெள்ளம் வராதுன்னு தயவுசெஞ்சு நெனைக்காதீங்க.

எங்க வீடு வேளச்சேரி பக்கம் ஒரு பள்ளமான தெரு. 2023ல தண்ணி வீட்டுக்குள்ள வரல, வாசப்படியோட நின்னுடுச்சு, தப்பிச்சோம்னு இருந்தோம். காலைல அம்மா வழக்கம்போல மோட்டார் போட்டாங்க, கொஞ்ச நேரத்துல கிச்சன் குழாய்ல டீ கலர்ல தண்ணி, கூடவே சாக்கடை நாத்தம். ராத்திரி தெருத்தண்ணி சம்ப்ல எறங்கியிருக்கு, நாங்களே அத மேல் டேங்குக்கு ஏத்தி வீடு முழுக்க பைப்புக்குள்ள விட்டுட்டோம். அத சுத்தம் பண்ண நாலு நாள் ஆச்சு.

அதனால மழை வலுக்குதுன்னு தெரிஞ்ச உடனே சம்ப் மூடிய சுத்தி பாலிதீன் ஷீட் போட்டு, மேல மணல் மூட்டை வைங்க. மேல் டேங்க்க அப்பவே நல்ல தண்ணியால ரொப்பிட்டு மோட்டார் ஸ்விட்ச்ச ஆஃப் பண்ணி, யாரும் தொடக்கூடாதுன்னு பேப்பர்ல எழுதி அது மேலயே ஒட்டிடுங்க. கீழ்வீட்டு டாய்லெட் கோப்பைலயும் ஒரு மணல் மூட்டை வைங்க, சாக்கடை ரொம்பினா அது வழியாதான் மொதல்ல எதிர்த்து வரும்.

தண்ணி வாசல தாண்டுற மாதிரி இருந்தா கரண்ட் மெயின் ஸ்விட்ச்ச அணைச்சிடுங்க. ஆனா மெயின் இருக்கற இடத்துக்கே தண்ணில நின்னுதான் போகணும்னா போகவே போகாதீங்க, மின்வாரியத்தோட புகார் மையம் மின்னகம் 94987 94987க்கு போன் பண்ணி தெருவுக்கே கரண்ட நிறுத்தச் சொல்லுங்க. ஆபத்துன்னா மாநில பேரிடர் உதவி எண் 1070, இல்ல மாவட்ட எண் 1077. ரோட்ல நடக்கணும்னா கைல ஒரு கம்பு வெச்சு ஊனி ஊனி பாத்து நடங்க, கோடைலதான் மழைநீர் வடிகாலுக்கு பள்ளம் தோண்டிப் போட்டிருப்பாங்க, தண்ணி நின்னா ரோடு எது பள்ளம் எதுன்னு தெரியாது.

தண்ணி வடிஞ்சதும் விளக்கமாற எடுக்கறதுக்கு முன்னாடி போன எடுங்க. சுவத்துல தண்ணி நின்ன கோடு, ஃப்ரிட்ஜ், வண்டி, எல்லாத்தையும் போட்டோ புடிச்சு வைங்க, இன்ஷூரன்ஸ்க்கும் நிவாரணத்துக்கும் உதவும். முங்கின காரையோ பைக்கையோ ஸ்டார்ட் பண்ணிப் பாக்காதீங்க, சிலிண்டருக்குள்ள தண்ணி இருந்தா இன்ஜினே போயிடும், கட்டி இழுத்துட்டுத்தான் போகணும்.

இப்ப சம்ப். தண்ணி முழுக்க எறைச்சு சேறு வாரணும். ஆனா நீங்களே உள்ள எறங்காதீங்க, மூடிக் கெடந்த சம்ப்ல காத்து இருக்காது, விஷவாயு இருக்கலாம். எறங்கினவர் மயங்கிட்டா காப்பாத்தறேன்னு அடுத்தவர் குதிச்சு ரெண்டு பேரும் போன கதை எத்தனையோ இருக்கு. மெஷின் வெச்சு மேலருந்தே க்ளீன் பண்றவங்கள கூப்பிடுங்க. பெட்ரோல் பம்ப் வெச்சு எறைச்சா பம்ப் வெளிலதான் இருக்கணும், அதோட புகை மூடின எடத்துல ஆளக் கொல்லும். சேறு போனதும் நல்ல தண்ணி விட்டு 1,000 லிட்டருக்கு 150 கிராம் கணக்குல ப்ளீச்சிங் பவுடர கரைச்சு, தெளிஞ்ச தண்ணிய மட்டும் ஊத்தி, ராத்திரி முழுக்க விட்டுட்டு மறுநாள் மொத்தமா வெளியேத்துங்க. மேல் டேங்குக்கும் இதேதான், குழாய்ங்கள எல்லாம் தொறந்து ப்ளீச்சிங் வாசனை வர்ற வரைக்கும் விட்டு மூடினா பைப்பும் சுத்தமாகும். இந்த அளவு தொட்டி கழுவத்தான், குடிக்கற தண்ணிக்கு இல்ல. அதுக்கப்புறம் புடிக்கற தண்ணியையும் கொஞ்ச நாளைக்கு நல்லா தளதளன்னு கொதிக்க வெச்சே குடிங்க.

ஒண்ண மட்டும் மறக்காதீங்க, பாத்ரூம் கழுவுற ஆசிட்டையும் ப்ளீச்சிங்கையும் சேத்து ஊத்தாதீங்க. அதுல குளோரின் வாயு கெளம்பும், பூட்டின பாத்ரூம்ல அது நெஞ்ச அடைச்சிடும்.

கோடை வெள்ளத்துல ஒரு நல்லது, மறுநாளே வெயில் அடிக்கும். மெத்தை, தலகாணி நனைஞ்சிருந்தா தூக்கிப் போட்டுடுங்க, மனசு வராது, ஆனா உள்ள காயவே காயாது. மர சாமான வெயில்ல போடாம நெழல்ல காய விடுங்க, இல்லன்னா விரிஞ்சிடும். ஃப்ரிட்ஜ், மிக்ஸி எல்லாம் வெளில காஞ்ச மாதிரி இருந்தாலும் எலக்ட்ரீஷியன் பாத்து சொல்ற வரைக்கும் ப்ளக்குல சொருகாதீங்க.

வெள்ளத்தண்ணில நடந்தவங்களுக்கு அடுத்த ரெண்டு மூணு வாரத்துல காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் செவப்பு வந்தா சும்மா பாரசிட்டமால் போட்டு படுக்காதீங்க. எலிக்காய்ச்சலா இருக்கலாம், நேரா ஆஸ்பத்திரிக்குப் போய் தண்ணில நடந்தேன்னு டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க. கால்ல வெட்டுக்காயத்தோட நடந்திருந்தா காய்ச்சல் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், அன்னிக்கே முகாம்லயோ ஆரம்ப சுகாதார நிலையத்துலயோ காட்டி, டிடி ஊசியும் (டெட்டனஸ் தடுப்பூசி) எலிக்காய்ச்சலுக்கு முன்கூட்டி தர்ற மாத்திரையும் வேணுமான்னு கேட்டுடுங்க.