கடற்கரை நீர் மாதிரி: நியூசிலாந்தில் எடுப்பது எப்படி, எண்ணைப் படிப்பது எப்படி

நியூசிலாந்தில் குளிக்கும் கடற்கரைகளின் நீரைக் கண்காணிக்கும் பொறுப்பு பெரும்பாலும் வட்டார கவுன்சில்களுடையது. கோடைக்காலம் முழுக்க வாராவாரம் மாதிரி எடுப்பார்கள். இதற்கு அடிப்படை 2003-இல் வெளியான தேசிய வழிகாட்டி. ஆற்று நீரில் இ.கோலை என்ற குடல் பாக்டீரியாவைப் பார்ப்பார்கள். உப்பு நீரில் அது சீக்கிரம் செத்துவிடும் என்பதால் கடலுக்கு என்டரோகாக்கை பாக்டீரியாவை எண்ணுகிறார்கள். அது இருந்தால் எங்கிருந்தோ மலம் கலந்திருக்கிறது என்று பொருள்.

மாதிரி எடுக்கும் நாளைப் பருவம் தொடங்குமுன்பே குறித்துவிடுங்கள். மழை பெய்கிறது என்று தள்ளிப்போடாதீர்கள். வெயில் நாளாகப் பார்த்து எடுத்தால் ஆண்டறிக்கை அழகாக இருக்கும், அவ்வளவுதான். எடுக்கும் நேரமும் வாரத்துக்கு வாரம் பெரிதாக மாறக்கூடாது. வெயிலின் புற ஊதாக் கதிர் பாக்டீரியாவைக் கொல்வதால், காலையில் எடுத்ததற்கும் உச்சி வெயிலில் எடுத்ததற்கும் எண்ணிக்கை வேறுபடும்.

குப்பியில் இடம், தேதி, நேரம் எல்லாவற்றையும் கரையிலேயே எழுதுங்கள். நனைந்த லேபிளில் பேனா எழுதாது. அரை மீட்டர் ஆழம் வரை நடந்து சென்று சற்று நில்லுங்கள். நடக்கும்போது கிளம்பும் மணலில் பாக்டீரியா ஒட்டியிருக்கும். அது குப்பிக்குள் போனால் எண்ணிக்கை பொய்யாக ஏறிவிடும். கலங்கல் அடங்கியதும், கிருமி நீக்கிய குப்பியின் மூடியைத் திறந்து கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். உட்புறத்தில் விரல் படக்கூடாது, குப்பியை அலசவும் கூடாது. வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து 15 முதல் 30 செ.மீ. ஆழத்துக்கு இறக்குங்கள். அங்கே நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பி, உடம்பிலிருந்து விலகும் திசையில் நீரை அள்ளுங்கள். ஆய்வகத்தில் குலுக்க இடம் வேண்டுமே, மேலே இரண்டு செ.மீ. காலியாக விடுங்கள். உடனே ஐஸ் பெட்டியில் வையுங்கள். 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்க வேண்டும், ஆனால் உறையக்கூடாது. ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வகம் போய்ச் சேர்ந்தால் நல்லது. 24 மணி நேரத்துக்கு மேல் ஆனதை நம்பாதீர்கள்.

பலர் அலட்சியப்படுத்துவது களக்குறிப்பை. முந்தைய மூன்று நாள் மழை, காற்றின் திசை, கடல் ஏறுகிறதா வற்றுகிறதா, பறவைக் கூட்டம், நாய்கள், பக்கத்து மழைநீர்க் குழாயில் நீர் ஓடுகிறதா என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். 100 மி.லி.க்கு 900 என்று முடிவு வந்தால், காரணத்தைத் தேட இந்தத் தாள்தான் உதவும்.

என்டரோகாக்கையை எண்ணும் என்டரோலெர்ட் முறையில் ஆய்வகம் மாதிரியைச் சிறு குழிகள் உள்ள தட்டில் ஊற்றி, 41 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து, புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிரும் குழிகளை எண்ணும். கடல்நீரைப் பத்து மடங்கு நீர்த்துத்தான் சோதிப்பார்கள். அதனால் ஆகக் குறைந்த முடிவு ‘10-க்குக் கீழ்’ என்றே வரும். அதைச் சுழியம் என்று பதிவு செய்யாதீர்கள்.

100 மி.லி.க்கு 140 வரை பச்சை. ஒரு மாதிரி 140-ஐத் தாண்டினால் எச்சரிக்கை நிலை: தினமும் எடுக்கத் தொடங்கி, கரையோரம் நடந்து மூலத்தைத் தேட வேண்டும். அடுத்தடுத்த இரண்டு மாதிரிகள் 280-ஐத் தாண்டினால் சிவப்பு: அறிவிப்புப் பலகை வைத்து மக்களுக்குச் சொல்லியாக வேண்டும். இதில் ஒரு சங்கடம், முடிவு வருவதற்குள் ஒரு நாள் போய்விடும். பலகை சொல்வது நேற்றைய நீரைப் பற்றித்தான். ஆகவே பெருமழைக்குப் பின் குறைந்தது இரண்டு நாள் குளிக்க வேண்டாம் என்று எண்ணைப் பார்க்காமலே சொல்லிவிடுகிறார்கள். ஆக்லாந்தின் சேஃப்ஸ்விம் என்ற கடற்கரைத் தகவல் சேவை, நீரின் தரத்தைக் கணினிக் கணிப்பு முறையால் முன்கூட்டியே சொல்கிறது.

மழைக்குப் பின் மட்டும் எண்ணிக்கை ஏறினால், விரிசல் விட்ட சாக்கடைக் குழாயில் மழைநீர் புகுந்து நிரம்பி வழிகிறதா, மேய்ச்சல் நிலத்திலிருந்து சாணம் அடித்து வருகிறதா என்று பாருங்கள். மழையே இல்லாமல் ஏறினால் மழைநீர்க் குழாயில் தவறாக இணைத்த வீட்டுக் கழிவுநீர், பழுதான செப்டிக் டேங்க், கடற்பறவைகள் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். மனிதனா, பறவையா, நாயா, மாடா என்று டி.என்.ஏ. சோதனை பிரித்துக் காட்டும். விலை அதிகம் என்பதால், எண்ணிக்கை உயர்ந்த மாதிரிகளுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

பச்சைப் பலகையை நம்பிச் சிப்பி பொறுக்காதீர்கள். சிப்பிகள் நீரை வடிகட்டிக் கிருமியை உடலில் சேர்த்துக்கொள்பவை; அவை வளரும் நீருக்கு அளவுகோலே வேறு. அங்கே பார்ப்பது மலக் கோலிஃபார்ம் என்ற பாக்டீரியா வகையை: பருவம் முழுவதற்குமான இடைநிலை அளவு (முடிவுகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) 100 மி.லி.க்கு 14-ஐத் தாண்டக்கூடாது, 43-ஐத் தாண்டும் மாதிரிகள் பத்தில் ஒன்றுக்கு மேல் இருக்கக்கூடாது.