வாரன்டிக்குள்ளேயே படுத்த ஹார்டு டிஸ்க்

எங்கள் ஆபீஸில் மொத்தமாக வாங்கிய கம்ப்யூட்டர்களில் ஒன்று வாரன்டி முடியும் முன்பே தகராறு செய்தது. கணக்கு ஃபைலைத் திறந்துவிட்டு டீ குடித்து வரலாம், அவ்வளவு மெதுவு. எல்லாரும் வைரஸ் என்றார்கள். எனக்கு டிஸ்க் மேல்தான் சந்தேகம்.

டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டேன். மஞ்சள் எச்சரிக்கை. அதன் பட்டியலில் 05 என்ற வரி, கெட்டுப்போய் மாற்று இடம் ஒதுக்கிய செக்டர்களின் (டிஸ்கில் தரவு எழுதும் சிறு கட்டங்கள்) எண்ணிக்கை. சி5 என்பது படிக்க முடியாமல் நிலுவையில் இருப்பவை. இரண்டும் பூஜ்யமாக இருப்பதே நல்லது. இங்கே இரண்டுமே ஏறிக்கொண்டிருந்தன. தரவு போய்வரும்போது நேரும் பிழைகளை எண்ணும் சி7 மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் டிஸ்கை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா கேபிள் கோளாறுதான், மாற்றினால் தீர்ந்தது. அந்த அதிர்ஷ்டம் இல்லை.

"செக்டிஸ்க் ஓட்டிப் பாருங்க சார்" என்றார் பக்கத்து சீட் தம்பி. டிஸ்க் பிழைகளைத் தேடிச் சரிசெய்யும் விண்டோஸ் கருவி அது. கூடாது. உயிர் ஊசலாடும் டிஸ்கில் அது வேலையைக் கூட்டும், சரிசெய்யச் சொன்னால் எழுதவும் செய்யும். லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து, அதே கொள்ளளவுக்குக் குறையாத எஸ்எஸ்டிக்கு, பழுதான டிஸ்கிலிருந்து தரவை மீட்கும் டிடிரெஸ்க்யூ என்ற கருவி மூலம் நகலெடுத்தேன். அது நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, மக்கர் செய்யும் இடங்களுக்குக் கடைசியில் திரும்பும். எதுவரை நகலெடுத்தது என்று குறித்துவைக்கும் மேப் ஃபைல் கொடுத்திருந்தால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அப்புறம் செக்டிஸ்கை நகலில் ஓட்டினேன்.

லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளை வைத்து கூகுள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் ஸ்கேன் பிழை (டிஸ்க் தன் பரப்பைத் தானே சோதிக்கும்போது காணும் பிழை) வந்த டிஸ்க், அது வராததைவிட அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம் என்றார்கள். அதனால் கூட வாங்கிய மற்றவற்றையும் பார்த்தேன். இன்னொன்றிலும் சி5 தலைகாட்டியது. இரண்டையும் வாரன்டிக்கு அனுப்பியாயிற்று.