மூன்று சக்கரப் புஷ்சேர்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்று சக்கரப் புஷ்சேர், அதாவது குழந்தையை உட்கார வைத்துத் தள்ளிச் செல்லும் வண்டி, வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தையும் விலையையும் பார்த்த பிறகுதான் சக்கரத்தைப் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது சக்கரத்தைத்தான். வண்டி எந்தப் பாதையில் போகலாம், எவ்வளவு வேகமாகப் போகலாம், எப்போது கவிழும் என்பதையெல்லாம் முன்னால் இருக்கும் அந்த ஒற்றைச் சக்கரமே முடிவு செய்கிறது. கிழக்கு லண்டனில் என் இரண்டு பிள்ளைகளையும் இப்படிப்பட்ட வண்டிகளில் தள்ளி வளர்த்திருக்கிறேன். புதிதாகப் பெற்றோரான உறவினர்களுடன் கடை கடையாக ஏறி இறங்கியும் இருக்கிறேன். அங்கெல்லாம் திரும்பத் திரும்பக் கண்ட தவறுகளையே இங்கே எழுதுகிறேன்.

மூன்று சக்கரம் என்றாலே அதை வைத்துக்கொண்டு ஓடலாம் என்று நினைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. அந்த எண்ணம் வந்ததற்குக் காரணம் உண்டு. 1984-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள யாக்கிமா நகரத்தில், ஓட்டப் பழக்கம் கொண்ட ஃபில் பேக்லர் என்பவர், தம் கைக்குழந்தையையும் உடன் அழைத்துக்கொண்டு ஓட விரும்பிச் சாதாரணத் தள்ளுவண்டி ஒன்றில் சைக்கிள் சக்கரங்களைப் பொருத்தினார். அதிலிருந்து பிறந்ததுதான் ‘பேபி ஜாகர்’. அந்தத் தோற்றம் பிற்பாடு நாகரிகமாகிவிட்டதால், ஓடுவதற்குச் சற்றும் பொருந்தாத வண்டிகளும் அதே உருவில் விற்பனைக்கு வருகின்றன. ஓடுவதற்கென்றே செய்த வண்டியில் சக்கரங்கள் பெரியவை. முன்சக்கரம் நேராக நிலைத்திருக்கும். வளைவில் கைப்பிடியை அழுத்தி, முன்பக்கத்தைச் சற்றுத் தூக்கித்தான் திருப்ப வேண்டும். கரடுமுரடான பாதைக்கான வண்டியில் முன்சக்கரம் சுழலும், வேண்டும்போது பூட்டியும் வைக்கலாம். மூன்றாவது வகையில் சிறிய, கெட்டியான பிளாஸ்டிக் சக்கரங்கள் இருக்கும். அது கடைத்தெருவுக்கு மட்டுமே உரியது.

பூட்டு எதற்கு என்று கேட்பவர்கள், பல்பொருள் அங்காடியின் தள்ளுவண்டியை வேகமாகத் தள்ளும்போது அதன் முன்சக்கரம் படபடவென்று அடித்துக்கொள்வதை நினைத்துப் பார்க்கலாம். சுழலும் சக்கரம் எதுவாக இருந்தாலும் குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் இந்த ஆட்டம் வரக்கூடும். ஒற்றைச் சக்கரத்தில் அப்படி ஆட்டம் வந்து, அந்நேரத்தில் ஒரு சிறு குழியும் குறுக்கிட்டால், சக்கரம் பக்கவாட்டில் மடங்கி வண்டி தலைகுப்புறக் கவிழ்ந்துவிடும். ஆகவே ஓடும் எண்ணம் இருந்தால், ஓடுவதற்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் கையேட்டிலேயே எழுதியிருக்கிறாரா என்று பார்த்து வாங்குங்கள். ஓடும்போது முன்சக்கரத்தைப் பூட்டுங்கள். அப்படிப்பட்ட வண்டியிலும், கழுத்து உறுதிப்படாத குழந்தையை வைத்துக்கொண்டு ஓடக் கூடாது. குறைந்தது ஆறு மாதமாவது ஆக வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. சில தயாரிப்பாளர்கள் இன்னும் கூடுதலான வயதைக் குறிப்பிடுகிறார்கள். அது வரை நடக்கலாம். நடைக்கு எந்தக் குறையும் இல்லை.

அடுத்த தவறு, மூன்று சக்கர வண்டியின் நிலைத்தன்மையைத் தவறாகப் புரிந்துகொள்வது. நம் ஊர் ஆட்டோவில் போனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆட்டோ சந்துக்குள் சட்டென்று திரும்புவதும் அதே ஒற்றை முன்சக்கரத்தால்தான். வளைவில் வேகமாகத் திரும்பும்போது ஒரு பக்கம் தூக்குவதும் அதே சக்கரத்தால்தான். நான்கு சக்கரங்கள் தரையில் ஒரு செவ்வகத்தை அமைக்கின்றன. மூன்று சக்கரங்கள் அமைப்பது முக்கோணம். பாரம் அந்த முக்கோணத்துக்குள் விழும் வரைதான் வண்டி நிற்கும். முக்கோணம் முன்பக்கம் குறுகிக்கொண்டே போவதால், குழந்தை முன்னால் சாய்ந்து ஒரு பக்கமாக எட்டினாலோ, சற்று வளர்ந்த பிள்ளை கால்வைக்கும் பலகையின் ஓரத்தில் ஏறி நின்றாலோ, வண்டி மூலைவாட்டில் சாயும். நடைபாதை விளிம்பில் வண்டியைச் சாய்வாக ஏற்றும்போதும் இறக்கும்போதும் இதுவே நடக்கிறது. விளிம்பை நேராக நோக்கி நின்று, முன்சக்கரத்தைத் தூக்கி வைத்து ஏற்ற வேண்டும். இறங்கும்போது பின்சக்கரங்கள் இரண்டும் ஒன்றாக இறங்கும்படி பின்பக்கமாக இறக்க வேண்டும். ஆகவே கடையில் வண்டியைப் பார்க்கும்போது, பின்சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தையும், முன்சக்கரம் இருக்கைக்கு எவ்வளவு தள்ளி முன்னால் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். முன்சக்கரம் இருக்கைக்கு அடியில் ஒடுங்கி, இருக்கையும் உயரத்தில் இருக்கும் வண்டி பார்வைக்கு எடுப்பாக இருக்கும். கவிழ்வதற்கும் அதுவே எளிதாக இருக்கும்.

கைப்பிடியில் பை மாட்டுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நானே தவறியிருக்கிறேன். ஈஸ்ட் ஹாமின் ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் காய்கறி வாங்கிக்கொண்டு, ஐந்து கிலோ அரிசிப் பையைக் கைப்பிடியின் ஒரு பக்கமும், வெண்டைக்காயும் முருங்கைக்காயும் நிறைந்த பையை மறுபக்கமும் மாட்டி வந்தேன். மகளைத் தூக்கிக்கொள்ளலாம் என்று பட்டையைக் கழற்றினேன். அவளைத் தூக்கிய அதே கணத்தில் வண்டி பின்பக்கமாகச் சாய்ந்து, கைப்பிடி நடைபாதையில் ‘டங்’ என்று அடித்தது. மகள் என் தோளில் பத்திரமாக இருந்தாள். ஆனால் அதற்கு ஒரு நிமிடம் முன்பு, அவளுடைய பத்து கிலோ எடை மட்டுமே அந்த வண்டியைத் தரையில் பிடித்து வைத்திருந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேட்டில் ஏறும்போதோ விளிம்பில் முன்சக்கரத்தைத் தூக்கும்போதோ அவளோடு சேர்ந்தே அது சாய்ந்திருக்கலாம். பொருள்களை அடியில் உள்ள கூடையில்தான் வைக்க வேண்டும். ஆகவே கூடையின் அளவையும், இருக்கையைச் சாய்த்த நிலையிலும் அதற்குள் கை போகிறதா என்பதையும் வாங்கும்போதே பாருங்கள். கூடை சிறியதாக இருந்தால் நாளடைவில் பை கைப்பிடிக்குத்தான் போகும்.

கடையின் வழவழப்பான தரையில், குழந்தை இல்லாத வெற்று வண்டியை இரண்டு விரலால் தள்ளிப் பார்த்து முடிவு செய்வதும் பரவலான தவறு. அங்கே எல்லா வண்டிகளும் நன்றாகத்தான் ஓடும். குழந்தையை உட்கார வைத்தோ, அதற்கு ஈடான எடையை இருக்கையில் பட்டை போட்டு வைத்தோ தள்ளிப் பாருங்கள். நாங்கள் இரண்டாவது வண்டி வாங்கியபோது காரில் இருந்த அரிசி மூட்டையையே கொண்டுபோய் வைத்தோம். கடைக்காரர் மறுப்பேதும் சொல்லவில்லை. ஒரு கையால் மட்டும் திருப்பிப் பாருங்கள். மறு கை எப்போதும் குடையையோ இன்னொரு பிள்ளையின் கையையோதான் பிடித்திருக்கும். தாயும் தந்தையும் ஒரே உயரமாக இல்லையென்றால் கைப்பிடியின் உயரத்தை மாற்ற முடிகிறதா என்றும் பாருங்கள்.

வீட்டு வாசலை அளக்காமல் வாங்குவதால் வரும் மனத்தாங்கல் தனி. பிரிட்டனில் உட்கதவுகளின் வழக்கமான அகலம் 762 மில்லிமீட்டர். சட்டத்தையும் கதவின் தடிமனையும் கழித்தால் வண்டிக்குக் கிடைக்கும் வழி அதைவிடக் குறைவு. கரடுமுரடான பாதைக்கான மூன்று சக்கர வண்டிகள் பலவற்றின் பின்பக்க அகலம் 60 சென்டிமீட்டரைத் தாண்டுகிறது. பழைய வரிசை வீடுகளின் குறுகலான நடைவழியில் வெப்பமூட்டியும் செருப்பு அலமாரியும் இடத்தைப் பிடித்துக்கொண்டால், தினமும் வண்டியைத் தூக்கிச் சாய்த்துத்தான் உள்ளே கொண்டுவர வேண்டியிருக்கும். மடித்த பின் காரின் டிக்கியில் அது அடங்குகிறதா என்பதையும் ஊகிக்காமல், கடை வாசலிலேயே வைத்துப் பார்த்துவிடுங்கள். முன்சக்கரம் நீட்டிக்கொண்டிருப்பதால், மடித்தாலும் இந்த வண்டிகள் நீளமாகவே இருக்கும். சிலவற்றில் சக்கரத்தைக் கழற்றினால்தான் டிக்கி மூடும்.

பேருந்தை நம்பியிருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பேருந்தில் புஷ்சேர் நிற்கும் இடம் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு உரியது. அவர்கள் வந்தால் இடம் விட வேண்டும். 2012-ல் வெதர்பியிலிருந்து லீட்ஸ் செல்லும் பேருந்தில், குழந்தை தூங்குகிறது என்று ஒரு தாய் அந்த இடத்தை விட்டு நகர மறுத்ததால், டக் பாலி என்னும் சக்கர நாற்காலிப் பயணி ஏற முடியாமல் போனது. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஓட்டுநர் ஒருமுறை கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பது போதாது, மேலும் வற்புறுத்த வேண்டும் என்று 2017 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. ஆகவே ஒரு கையில் குழந்தையுடன் மறு கையால் மடிக்க முடிகிறதா என்று கடையிலேயே செய்து பாருங்கள். லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குத்தான் படியேறாமல் போக வழி உண்டு. பன்னிரண்டு கிலோ வண்டியும் பத்து கிலோ குழந்தையும் சேர்ந்தால் படிக்கட்டில் என்ன ஆகும் என்பதை வாங்கும் முன் எண்ணிப் பார்க்க வேண்டும். நடைபாதை, கடை, ரயில் என்றே நாள் போகிறவர்களுக்கு மூன்று சக்கர வண்டி தேவையில்லை என்பது என் தெளிவான கருத்து. பூங்காவும் ஆற்றங்கரையும் மண் பாதையும் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதைவிடச் சுகமான வண்டியும் இல்லை.

பிறந்த குழந்தைக்கு வாங்குபவர்கள், இருக்கை முழுவதும் தட்டையாகச் சாய்கிறதா என்று கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். ஓடுவதற்கான வண்டிகள் பலவற்றில் இருக்கை பாதிதான் சாயும்; முதல் ஆறு மாதங்களுக்கு அது பொருந்தாது. கார் இருக்கையை வண்டியின் மேல் பொருத்தலாம் என்பது வசதிதான்; ஆனால் குழந்தை நீண்ட நேரம் தூங்குவதற்கு அது இடமல்ல. பச்சிளம் குழந்தையின் தலை முன்னால் மடங்கினால் மூச்சுவழி நெருக்கப்படும். கார் இருக்கையில் தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது பிரிட்டனில் பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. பச்சிளம் குழந்தைக்கு அது இன்னும் குறைவு.

டயரைப் பற்றி விற்பனையாளர்கள் அதிகம் பேசுவதில்லை. காற்றடைத்த டயர் கூழாங்கல் பாதையிலும் புல்லிலும் அதிர்வைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் பஞ்சராகும், மாதம் ஒருமுறையாவது காற்றுப் பார்க்க வேண்டும். நுரை நிரப்பிய டயர் பஞ்சராகாது. ஆனால் எடையும் அதிர்வும் சற்றுக் கூடுதல். காற்று டயரை எடுத்தால் அதே அளவில் டியூப் கிடைக்கிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். எவ்வளவு காற்று வேண்டும் என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும்; கைப்பம்பால் அடிப்பதே நல்லது. பெட்ரோல் நிலையத்தின் காற்றுக் குழாய் கார் டயருக்கானது. இந்தச் சிறிய டயரில் ஒன்றிரண்டு விநாடிகளில் அளவு மீறி வெடித்துவிடக்கூடும்.

சக்கரம் பெரிதாகவும் எளிதாகவும் உருளும் வண்டிக்குப் பிரேக் நன்றாக இருக்க வேண்டும். 2009 அக்டோபரில் மெல்போர்னின் ஆஷ்பர்டன் ரயில் நிலையத்தில், தாயின் கை விலகிய சில விநாடிகளில் குழந்தையுடன் வண்டி உருண்டு தண்டவாளத்தில் விழ, ரயிலும் வந்து மோதியது. குழந்தை உயிர் தப்பியது பெரும் பேறு. நிற்கும்போதெல்லாம் பிரேக் போடுவது பழக்கமாக வேண்டும். செருப்புக் காலாலும் எளிதாகப் போடவும் எடுக்கவும் முடிகிற பிரேக்காக இருந்தால்தான் அந்தப் பழக்கம் நிலைக்கும். கைப்பிடியையும் நம் மணிக்கட்டையும் இணைக்கும் பட்டை ஓடுவதற்கான வண்டிக்குக் கட்டாயம் வேண்டும். ஆஸ்திரேலியாவில் எல்லாப் புஷ்சேர்களிலும் அது இருக்க வேண்டும் என்பது விதி.

குழந்தையைக் கட்டும் பட்டையைப் பொறுத்தவரை, தோள் இரண்டும், இடுப்பு இரண்டும், கால்களுக்கிடையில் ஒன்றும் சேர்ந்த ஐந்து முனைப் பட்டைக்குக் குறைந்த எதையும் ஏற்காதீர்கள். வண்டி ஐரோப்பியத் தரமான இஎன் 1888-க்கு உட்பட்டதா என்று பாருங்கள்; அதன் முதல் பகுதி 15 கிலோ வரையும் இரண்டாம் பகுதி 22 கிலோ வரையும் உள்ள குழந்தைகளுக்கானது. மூன்று வயதுப் பிள்ளையும் ஏறப்போகிறது என்றால் இந்த வேறுபாடு பொருட்டானது. வெயில் மறைப்பு முன்னால் நன்றாக இறங்குகிற வண்டியாகத் தேர்ந்தெடுங்கள். மறைப்பு போதாதபோது துணியைப் போட்டு மூடுவதுதான் வழக்கம், அது ஆபத்தானது. 2014-ல் ஸ்வீடன் நாளிதழ் ஒன்று செய்த சோதனையில், திறந்திருந்தபோது வெப்பம் 22 பாகை செல்சியஸாக இருந்த வண்டிக்குள், மெல்லிய துணியால் மூடிய அரை மணி நேரத்தில் 34 பாகையும் ஒரு மணி நேரத்தில் 37 பாகையும் பதிவாயின.

பழைய வண்டி வாங்குவதில் தவறில்லை; பார்க்காமல் வாங்குவதே தவறு. மாதிரியின் பெயரைக் குறித்துக்கொண்டு, அது திரும்பப் பெறப்பட்டதா என்று தேடுங்கள். 2009-ல் அமெரிக்காவில் ஏறத்தாழ பத்து லட்சம் மடிப்பு வண்டிகள், கீலில் குழந்தைகளின் விரல் நுனி சிக்கித் துண்டானதால் திரும்ப அழைக்கப்பட்டன. 2018-ல் அந்நாட்டு நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம், விரைவாகக் கழற்றும் நெம்புகோல் சரியாக இறுகாமல் ஓட்டத்தின்போதே முன்சக்கரம் கழன்றுவிடுகிறது என்று மூன்று சக்கர வண்டித் தயாரிப்பாளர் ஒருவர்மீது நடவடிக்கை எடுத்தது. ஆகவே பழைய வண்டியின் முன்சக்கரத்தை நீங்களே கழற்றி, மாட்டி, நெம்புகோலை மூடி, சக்கரத்தைக் கையால் இழுத்துப் பாருங்கள். மடிப்பின் இரண்டு பூட்டுகளும் சத்தத்துடன் விழுகின்றனவா, பட்டையின் தையல் வெயிலில் நைந்திருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, முன்சக்கரத்தைப் பூட்டி, சமதரையில் வண்டியை மெல்லத் தள்ளி விட்டு மூன்று மீட்டர் பின்னாலிருந்து கவனியுங்கள். ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனால் முன் அச்சில் உள்ள திருகால் அதைச் சரிசெய்ய முடியும். திருகியும் நேராகாவிட்டால் சட்டமே வளைந்திருக்கிறது, அந்த வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.