மலைமேல் ஒரு குடும்ப வீடு: குளிருக்கு ஏற்றபடி கட்டுவது எப்படி?

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்ட மலைகளில், பெட்டமுகிலாளம், வத்தல்மலை போன்ற ஊர்களில் இப்போது எழும்பும் புது வீடுகளைப் பார்த்தால், தருமபுரி டவுன் வீட்டை அப்படியே லாரியில் ஏற்றி மேலே இறக்கிவிட்டது போல இருக்கின்றன. உயரமான மேல்தளம், நாலு பக்கமும் ஜன்னல், வழுவழுப்பான டைல்ஸ். எல்லாம் வெயிலுக்குப் பயந்து செய்யும் ஏற்பாடு. மார்கழி வந்ததும் அதே வீட்டுக்காரர்கள் வாசலில் சுள்ளி மூட்டி உட்கார்ந்திருப்பார்கள், ஏனென்றால் வெளியைவிட உள்ளே குளிர்.

இங்கே ஐஸ் உறைவதில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆயிரம் அடி ஏறினால் சுமார் 2 டிகிரி குறையும். தருமபுரி டவுன் ஏறக்குறைய 1,500 அடியில் இருக்கிறது. மூவாயிரம், நாலாயிரம் அடியில் இருக்கும் கிராமத்துக்குக் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம். கூடவே காட்டுக் காற்றும் மூடுபனியும்.

‘தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்று ஒரு சொலவடை உண்டு. இந்தக் கட்டுரையே அவ்வளவுதான்: காசைத் தரையிலும் கூரையிலும் போடுங்கள், மற்றதில் மிச்சம் பிடியுங்கள். முதல்முறை கட்டுபவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

1. காகிதம்

மலைக் கிராமத்தில் பட்டா இருக்கிறது என்று கேட்டதும் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். அரசு நிபந்தனை போட்டுக் கொடுத்த நிபந்தனைப் பட்டாவாக இருந்தால் விற்கவே தடை இருக்கலாம். 2006 வன உரிமைச் சட்டப்படி கிடைத்த நிலம் வாரிசுக்குப் போகும், விலைக்குப் போகாது. வி.ஏ.ஓ.விடம் அ-பதிவேடு (நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்வது), புலப்படம் (எல்லை அளவுகள் உள்ள வரைபடம்) இரண்டையும் பாருங்கள். வனத்துறை எல்லைக்கல் எங்கே என்பதை இடத்திலேயே நடந்து பார்த்துவிட்டு, அப்புறம் ஊராட்சியில் கட்டட அனுமதி கேளுங்கள்.

2. எந்த இடத்தில் உட்கார வைப்பது

சரிவில் மேல்பக்கத்தை வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பக்கம் நிரப்பி சமதளம் ஆக்குவார்கள். வீடு வெட்டிய பக்கத்தில் நிற்க வேண்டும். நிரப்பிய மண் வருஷக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். பாதி வீடு அதன்மேல் நின்றால் நடுச்சுவரில் விரிசல் நிச்சயம். நிரப்பிய பக்கத்தை வாசலுக்கும் மாட்டுக்கும் விடுங்கள். மேல்பக்கச் சரிவை ஒட்டி ஒரு வாய்க்கால் எடுத்து மழைத் தண்ணீரைச் சுற்றி அனுப்புங்கள். தடுப்புச்சுவர் கட்டினால் தண்ணீர் வடிய ஓட்டை விடச் சொல்லுங்கள். மேஸ்திரிகள் இதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

பள்ளத்தின் அடியில் வீடு வேண்டாம். இரவில் குளிர்ந்த காற்று கனமாகிக் கீழே வழிந்து பள்ளத்தில்தான் தேங்கும். சரிவின் நடுப்பகுதி நல்லது.

3. திசை

குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். நம் அட்சரேகையில், டிசம்பர் கடைசியில் உச்சி வெயிலே தெற்குப் பக்கம் சுமார் 54 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அதனால் தெற்கு ஜன்னல் வழியாக வெயில் தரை வரை வரும். மே, ஜூனில் உச்சி வெயில் வடக்கே போய்விடும். தெற்கு ஜன்னலால் கோடையில் தொந்தரவு இல்லை. வாடைக்காற்று வருவது வடக்கிலிருந்து. ஆகவே பெரிய ஜன்னல்கள் தெற்கில், வடக்கில் சின்னதாக ஒன்றோ இரண்டோ.

முப்பதுக்கு இருபது அடி வீடு என்றால் நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். தெற்கு வரிசையில் சமையலறை, படுக்கையறை, கூடம். வடக்கு வரிசையில் சாமான் அறை, குளியலறை. இவை வாடையைத் தாங்கிக்கொள்ளும். சமையலறை தென்கிழக்கு மூலையில் வந்தால் வாஸ்து பார்ப்பவரும் சண்டைக்கு வரமாட்டார், அக்னி மூலை அதுதானே. தெற்கு சன்ஷேடு ஒன்றரை அடிக்கு மேல் நீள வேண்டாம். சுவர் உயரம் ஒன்பது அடி போதும். பத்தரை, பதினொன்று என்று தூக்கினால் சூடெல்லாம் தலைக்கு மேலே போய் நிற்கும்.

4. கடக்காலும் (அஸ்திவாரமும்) தரையும்

கெட்டி மண் வரும் வரை தோண்டிக் கருங்கல் கட்டு போடுங்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை. பேஸ்மட்டம் குறைந்தது இரண்டு அடி உயரட்டும்.

உள்ளே நிரப்பும்போது கவனம் தேவை. வெறும் மண்ணைக் கொட்டி மேலே தளம் போட்டால் ஈரம் மேலேறி, தரை வருஷம் முழுக்கச் சில்லென்றிருக்கும். மண்ணைத் தண்ணீர் விட்டுத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்குங்கள். அதன்மேல் அரை அடி உடைகல் அடுக்கு, இடைவெளியோடு. ஈரம் அந்த இடைவெளியைத் தாண்டி ஏறாது. அதன்மேல் கெட்டியான பாலிதீன் ஷீட், ஒட்டு விழும் இடத்தில் ஒரு அடி ஒன்றன்மேல் ஒன்றாக. பிறகு ஜல்லிக் கலவை, கடைசியாகத் தரை. கிரானைட்டும் வழுக்கும் டைல்ஸும் வெறுங்காலுக்கு எதிரி. சிவப்பு ஆக்சைடு தரை கொஞ்சம் பரவாயில்லை. படுக்கையறைக்கு மட்டுமாவது மரப்பலகை போட முடிந்தால் போடுங்கள்.

5. சுவர்

ஹாலோ பிளாக் ஏற்றுவது சுலபம், கட்டுவது வேகம். ஆனால் ஆறு அங்குல ஹாலோ பிளாக் சுவர் மலைக்குப் போதாது. ஊரில் இன்னும் நிற்கும் பழைய மண் வீடுகளின் சுவரை அளந்து பாருங்கள், ஒன்றரை அடி இருக்கும். பகல் வெயிலை மெல்ல உள்வாங்கி ராத்திரியில் மெல்ல விடுவது அந்தத் தடிமன்தான்.

செங்கல் என்றால் எலிப்பொறிக் கட்டு கேளுங்கள். கல்லைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி இரண்டு வரிசையாக வைத்து, நடுவில் மூன்று அங்குலக் காற்றறை விட்டு, குறுக்குக் கல்லால் பிணைப்பார்கள். சுவர் அதே ஒன்பது அங்குலம்தான். செங்கல் கிட்டத்தட்ட கால் பங்கு மிச்சம். கேரளத்தில் லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் இதைப் பரவலாக்கினார். நம் பக்கத்து மேஸ்திரி முதலில் “நடுவுல காலியா விட்டா சுவரு நிக்குமா சார்?” என்றுதான் கேட்பார். நிற்கும். மூலைகளிலும், கதவு ஜன்னல் ஓரங்களிலும், அடி வரிசையிலும், லிண்டலுக்குக் கீழ் வரிசையிலும் மட்டும் இடைவெளி விடாமல் கட்டச் சொல்லுங்கள்.

சொந்த நிலத்து மண்ணில் கல் அறுக்க நினைப்பவர்கள் ஒரு சோதனை செய்யுங்கள். கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. குலுக்கி ஒரு நாள் அசைக்காமல் வையுங்கள். அடியில் மணல், நடுவில் வண்டல், மேலே களி என்று படிவு பிரிந்து தெரியும். பாதிக்கு மேல் மணல் இருந்தால், நூற்றுக்கு ஆறு முதல் எட்டுப் பங்கு சிமெண்ட் சேர்த்து மெஷினில் அழுத்தலாம். களி அதிகம் என்றால் காயும்போது வெடிக்கும், மணல் கலக்க வேண்டும்.

6. கூரை

தகரமோ சிமெண்ட் ஷீட்டோ போடாதீர்கள். விலை குறைவு, ஒரே நாளில் முடியும், எல்லாம் சரி. ஆனால் மேகமில்லாத இரவில் கூரை தன் சூட்டை நேரே வானத்துக்கு விட்டுவிடும். மெல்லிய தகடு சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். தூங்குபவர்களின் மூச்சு ஈரம் அதில் பட்டுத் துளியாகி, விடிகாலையில் போர்வை மேலேயே சொட்டும்.

ஓட்டுக்கூரை அழகு, அடியில் பலகை மச்சு போட்டால் கதகதப்பும்கூட. சிக்கல் குரங்கு. காட்டை ஒட்டிய ஊரில் ஓடு மாற்றுவதே ஒரு வேலையாகிவிடும். அதனால் என் பரிந்துரை: ஐந்து அங்குல கான்கிரீட் தளம், அதன்மேல் கட்டாயம் பழைய முறைச் சுண்ணாம்புத் தளம். செங்கல் ஜல்லியும் நீற்றிய சுண்ணாம்பும் கலந்து மூன்று அங்குலம் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் அடிப்பார்கள். கட்டை மேலே துள்ளும் அளவுக்குத் தளம் இறுகும்வரை அடிக்க வேண்டும். அதன்மேல் தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட மண் ஓடு. ஜல்லியின் நுண்துளைகளில் இருக்கும் காற்று குளிரை மறிக்கும், மழையையும் தடுக்கும். “இப்போ யாருண்ணா இதெல்லாம் போடுறாங்க?” என்பார்கள். கேட்டு வாங்குங்கள், கூலி கூடுதலானாலும்.

கான்கிரீட்டுக்கும் குளிர் பிடிக்காது. நாலரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு முட்டுக்கம்பை 7 நாளில் எடுக்கலாம் என்பது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456 விதி. ஆனால் அது வெப்பம் 15 டிகிரிக்குக் குறையாத இடத்துக்கான கணக்கு. மலையில் தை, மாசி இரவுகள் அப்படியில்லை. சென்ட்ரிங்காரர் அவசரப்பட்டாலும் இரண்டு வாரம் விடுங்கள். ஈரச் சாக்கு பத்து நாளாவது தளத்தில் கிடக்கட்டும்.

7. அடுப்பும் புகையும்

விறகடுப்பைப் படுக்கையறைச் சுவரை ஒட்டிக் கட்டுங்கள். ராத்திரிச் சமையலின் சூடு அந்தச் சுவரில் நள்ளிரவு தாண்டியும் இருக்கும். புகைபோக்கி கூரைக்கு மேலே மூன்றடியாவது உயரட்டும்.

ஒரு விஷயத்தில் விளையாட்டு கூடாது. கரித்தணலைச் சட்டியில் போட்டு, கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். அறைக்கு ஒரு மேல் காற்றுத்துளையாவது எப்போதும் திறந்திருக்க வேண்டும்.

8. யானை

ராகி மூட்டையை வெளிச்சுவரை ஒட்டி வைத்தால் வாசம் பிடித்து வந்து சுவரை இடிக்கும். உப்பும் அப்படித்தான். சாமான் அறையில் தானியத்தை உள்சுவர்ப் பக்கம், மூடிய டிரம்மில் வையுங்கள். வீட்டருகே பலா வேண்டாம்.

9. எப்போது தொடங்குவது

தையில் கடக்கால் தோண்டினால் பங்குனி, சித்திரைக்குள் தளம் போடலாம். ஆனால் அந்த நேரத்தில்தான் ஊற்றுகள் வற்றும். முன்கூட்டியே குழி வெட்டித் தார்ப்பாய் விரித்துத் தண்ணீர் சேர்த்துவிடுங்கள். லாரி ஏறாத பாதைக்கு அடிவாரத்தில் இறக்கி டிராக்டரில் மாற்ற வேண்டும். அந்தக் கூலியை எஸ்டிமேட்டில் தனி வரியாக எழுதுங்கள். சிமெண்டை மொத்தமாக வாங்கிக் குவிக்காதீர்கள். மூடுபனியில் மூட்டை சீக்கிரம் கட்டிபிடிக்கும். பலகைமேல், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி, தார்ப்பாய் போர்த்தி, ஒரு மாதத்துக்கு வேண்டியது மட்டும் வையுங்கள்.

பூச்சு முடிந்ததும் குடியேற அவசரம் வேண்டாம். புதுச் சுவருக்குள் நிறையத் தண்ணீர் இருக்கும், அது காயும்வரை வீடு குளிரத்தான் செய்யும். வைகாசி, ஆனியில் ஜன்னலைத் திறந்துபோட்டு, அடுப்பை அவ்வப்போது மூட்டிக் காயவிடுங்கள். உள்ளே பெயிண்டுக்குப் பதில் சுண்ணாம்பு அடித்தால் ஈரம் வெளியேற வழியிருக்கும். ஆவணியில் நாள் பார்த்துப் பால் காய்ச்சலாம்.