வீட்டுலயே கிளட்ச் மாத்துறவங்களுக்கு: பிளேட்ட சென்டர் பண்ணி கியர்பாக்ஸ ஏத்துறது எப்படி

செங்கோட்டை பக்கம் வண்டி வச்சிருக்கவங்களுக்கு கிளட்ச் தேயறத பத்தி தனியா சொல்ல வேண்டாம். புளியரை தாண்டி எஸ் வளைவுல முன்னால ஒரு லோடு லாரி ஊர்ந்துகிட்டு போகும், கார்த்திகை மாசம்னா பின்னால சாமி வண்டிங்க வரிசையா நிக்கும், அரை கிளட்ச்லயே ஏத்தி ஏத்தி ஆரியங்காவு போய் சேரும்போது கருகின வாடை அடிக்கும். பழைய மாருதி 800, ஆல்டோ, ஆம்னி மாதிரி சின்ன வண்டின்னா வீட்டு ஷெட்லயே மாத்திரலாம், கூட ஒரு ஆளும் முழுசா ஒரு நாளும் வேணும். எல்லாரும் கியர்பாக்ஸ இறக்குறதுக்குதான் பயப்படுறாங்க, ஆனா இறக்குறது சுலபம், திரும்ப ஏத்துறதுதான் ஆள பாடா படுத்தும், அப்படி ஏறாம நிக்கிறதுக்கு பாதி காரணம் கிளட்ச் பிளேட் சென்டர்ல இல்லாததுதான். அதனால அதத்தான் விரிவா சொல்றேன்.

இறக்குறத சுருக்கமா சொல்லிடுறேன். பேட்டரி நெகட்டிவ் கழட்டுங்க, கியர் ஆயில வடிச்சிடுங்க, கிளட்ச் கேபிள், ஸ்டார்டர் மோட்டார், கியர் ராடு, முன்சக்கர டிரைவ் வண்டின்னா ரெண்டு ஆக்சில், ஆம்னின்னா ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், இதெல்லாம் எடுத்துட்டு பெல் ஹவுசிங் (கியர்பாக்ஸ எஞ்சினோட சேர்க்கிற மணி மாதிரி கூடு) போல்ட கழட்டணும். வண்டி கண்டிப்பா ஸ்டாண்ட்லதான் நிக்கணும், வெறும் ஜாக்கிய நம்பியோ ஹாலோபிளாக் கல்ல முட்டு கொடுத்தோ கீழ படுக்காதீங்க, அந்த கல்லு சொல்லாம கொள்ளாம நொறுங்கும். குத்தாலத்துல சாரல் அடிக்கிற ஆனி ஆடில மண்தரைல இந்த வேலைய வச்சுக்கவே வேண்டாம், தரை நனைஞ்சா ஸ்டாண்ட் இறங்கிடும். கியர்பாக்ஸ் மவுண்ட்ட எடுக்குறதுக்கு முன்ன எஞ்சினுக்கு அடியில ஒரு பலகை வச்சு இன்னொரு ஜாக்கி கொடுத்துக்கோங்க. உள்ள இருக்குற கருப்பு தூசிய காத்தடிச்சு ஊதாதீங்க, பழைய பிளேட்டோட லைனிங்ல, அதாவது உராயுற பட்டைல, ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், மாஸ்க் போட்டுட்டு ஈரத்துணியால தொடச்சு எடுங்க.

இப்ப ஃப்ளைவீல, அதான் எஞ்சின் கிராங்க்கோட சேர்ந்து சுத்துற கனமான சக்கரத்த பாருங்க. நீலமா கருகின திட்டு, நகம் வச்சா மாட்டுற வெடிப்பு இருந்தா லேத்துக்கு கொடுக்கணும், லேசான கீறல்னா உப்புத்தாள் போட்டு தேச்சா போதும். ஃப்ளைவீலுக்கு பின்னால எண்ணெய் கசிஞ்ச தடம் இருந்தா கிராங்க் ஷாஃப்ட்டோட பின்பக்க சீல இப்பவே மாத்திடுங்க, சீலுக்கு ஆகுற காசு கம்மி, அத விட்டா புது பிளேட்லயும் எண்ணெய் ஏறி ஸ்லிப் ஆகும், திரும்ப எல்லாத்தையும் இறக்கணும். பிளேட்டு, அத ஃப்ளைவீலோட அழுத்தி புடிக்கிற பிரஷர் பிளேட்டு, பெடல மிதிச்சா அந்த அழுத்தத்த விடுவிக்கிற ரிலீஸ் பேரிங், மூணையும் செட்டாவே வாங்குங்க. பழைய பிளேட்ல ரிவெட் தலைக்கு மேல லைனிங் அரை மில்லி கூட இல்லன்னா அது முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம். ரிலீஸ் பேரிங்க மட்டும் பெட்ரோல்ல கழுவிடாதீங்க, உள்ள அடைச்சிருக்க கிரீஸ் கரைஞ்சிடும்.

சரி, சென்டர் பண்ற வேலை. பிளேட்டு ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவுல சும்மாதான் நிக்குது, அத புடிச்சு நிறுத்த தனியா எதுவும் கிடையாது, போல்ட்ட இறுக்கின உடனே நின்ன இடத்துலயே பூட்டிக்கும். ஒரு மில்லி ரெண்டு மில்லி தள்ளி பூட்டிக்கிட்டாலும் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் பிளேட்டுக்குள்ள நுழைஞ்சு அந்தப்பக்கம் ஷாஃப்ட் நுனிய தாங்குற பைலட் பேரிங்ல போய் உக்காராது. இதுக்கு டம்மி ஷாஃப்ட் வேணும், அதாவது கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டுக்கு பதிலா விட்டு பிளேட்ட நடுவுல நிறுத்துற ராடு. ஸ்பேர் பார்ட்ஸ் கடைல பிளாஸ்டிக்ல கிடைக்கும், ஆனா எனக்கு புடிச்சது பழைய இரும்பு கடைல அதே மாடல் கியர்பாக்ஸோட இன்புட் ஷாஃப்ட்ட தேடி வாங்குறதுதான், ஸ்ப்லைன் (ஷாஃப்ட் மேல நீளவாக்குல இருக்குற பல்) அச்சு அசலா உக்காரும். அதுவும் கிடைக்கலன்னா லேத்துல ஒரு நைலான் ராடு கடைஞ்சு வாங்கிக்கலாம், நுனி பைலட் ஓட்டை அளவுக்கும் நடுப்பகுதி பிளேட் ஓட்டை அளவுக்கும் இருக்கணும், அளவெடுக்க பழைய பிளேட்டையே கொண்டு போங்க.

கைய நல்லா கழுவிட்டு, ஃப்ளைவீலையும் பிரஷர் பிளேட் முகத்தையும் பிரேக் கிளீனர் போட்டு தொடைங்க, மண்ணெண்ணெய், டீசல் எல்லாம் வேண்டாம், பிசுக்கு நின்னுடும். பிளேட்ட எந்தப்பக்கம் மாட்டணும்னு பாருங்க, பெரும்பாலும் நடுவுல ஸ்ப்ரிங் புடைச்சுகிட்டு நிக்கிற பக்கம் பிரஷர் பிளேட்ட பாத்து இருக்கணும், பல பிளேட்ல ஃப்ளைவீல் பக்கம்னு அச்சும் போட்டிருக்கும், திருப்பி மாட்டினா அந்த புடைப்பு ஃப்ளைவீல் போல்ட்ல இடிச்சு கிளட்ச் விடவே விடாது. கியர்பாக்ஸ் ஷாஃப்ட் ஸ்ப்லைன்ல கிரீஸ் விரல்ல ஒட்டுற அளவு தடவி, பிளேட்ட ஒரு தடவ ஏத்தி எறக்கி, வழிஞ்சு வர்றத எல்லாம் தொடச்சிடுங்க.

டம்மிய பிளேட்டுக்குள்ள விட்டு, அதோட நுனிய ஃப்ளைவீல் நடுவுல உக்கார வச்சு, மேல பிரஷர் பிளேட்ட பின்னுல பொருத்தி ஆறு போல்ட்டையும் கையால மாட்டுங்க. அப்புறம் எதிரும் புதிருமா, ஒவ்வொண்ணும் அரை சுத்து, அவ்வளவுதான். ஒரே போல்ட்ட முழுசா இறுக்கிட்டு அடுத்ததுக்கு போனா கவர் கோணிக்கும், அப்புறம் கிளட்ச் எடுக்கும்போது வண்டி அதிரும். பாதி இறுகினதும் டம்மிய லேசா முன்ன பின்ன இழுத்து பாருங்க, வெண்ணெய்ல கத்தி போற மாதிரி சுகமா வந்து போகணும். சிக்குதுன்னா போல்ட்ட தளத்தி திரும்ப சென்டர் பண்ணுங்க, அடிச்சு இழுக்காதீங்க. டம்மிய உருவிட்டு டார்ச் அடிச்சு நேர் எதிர்ல கண்ண வச்சு பாத்தீங்கன்னா பிரஷர் பிளேட்டோட விரல் மாதிரி இருக்க ஸ்ப்ரிங் நுனி எல்லாம் சேர்ந்து ஒரு வட்டம் தெரியும், அதுக்குள்ள பிளேட்டோட ஸ்ப்லைன் வட்டம், அதுக்கும் உள்ள பைலட் ஓட்டை, மூணுக்கும் நடுவுல உள்ள இடைவெளி சுத்திலும் ஒரே மாதிரி இருக்கணும். விரல் வட்டத்துக்கும் ஸ்ப்லைன் வட்டத்துக்கும் நடுவுல உள்ள இடைவெளி கீழ கொஞ்சம் ஒல்லியாவும் மேல குண்டாவும் தெரிஞ்சா பிளேட் இறங்கியிருக்கு. சில வண்டில பைலட் பேரிங்கே இருக்காது, அதுல விரல் வட்டத்த வச்சுதான் கணக்கு. கடைசி இறுக்கு மேனுவல்ல போட்டிருக்க டார்க்குக்குதான், அதாவது எவ்வளவு இறுக்கணும்ங்கிற அளவுக்கு.

கியர்பாக்ஸ ஏத்தும்போது ஒண்ண மட்டும் மறக்காதீங்க, பாதி நுழைஞ்ச கியர்பாக்ஸ பிளேட்டு மேல தொங்க விடக்கூடாது. அந்த கனம் பூரா பிளேட்டோட மெலிசான நடுப்பகுதி (ஹப்) மேல விழுந்து வளைச்சிடும், அப்புறம் பெடல எவ்வளவு மிதிச்சாலும் ரிவர்ஸ் போடும்போது கரகரன்னு சத்தம் வரும். அதனால ஜாக்கி மேல பலகை வச்சு கியர்பாக்ஸ தூக்குங்க, ரெண்டு நீள போல்ட்ட தலைய அறுத்துட்டு எஞ்சின் பக்கம் மாட்டி வச்சா அது வழிகாட்டியா இருக்கும், கனத்தையும் தாங்கும். எஞ்சின் எந்த சாய்வுல நிக்குதோ அதே சாய்வுல கியர்பாக்ஸும் நிக்கணும், பெல் ஹவுசிங் சந்து மேலயும் கீழயும் ஒரே அளவா இருக்கான்னு பாத்து ரெண்டு ஜாக்கியையும் பைய ஏத்தி இறக்குங்க. ஸ்ப்லைன் பல் மாட்டலன்னா கூட இருக்க ஆள கிராங்க் புல்லி நட்ல ஸ்பேனர் போட்டு கொஞ்சமா அங்கயும் இங்கயும் திருப்ப சொல்லுங்க, நீங்க லேசா தள்ளிகிட்டே இருங்க, ஒரு நேரத்துல டக்குன்னு உள்ள போகும். சந்து இருக்கும்போதே போல்ட்ட போட்டு இழுக்குற வேலை மட்டும் வேண்டாம், பெல் ஹவுசிங் காது அலுமினியம், ஒடஞ்சு போகும்.

மத்ததெல்லாம் கழட்டின மாதிரியே மாட்டி, கியர் ஆயில மறக்காம ஊத்தி, கேபிள் நட்ட திருகி பெடல் ஃப்ரீ ப்ளே (கிளட்ச் இழுக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்ன பெடல் சும்மா இறங்குற தூரம்) வையுங்க, சின்ன கேபிள் வண்டிக்கு சுமாரா 15ல இருந்து 25 மில்லி. ஸ்டார்ட் பண்ணி பெடல மிதிச்சபடியே ரெண்டு மூணு செகண்ட் பொறுத்து ரிவர்ஸ் போடுங்க, சத்தமில்லாம விழுந்தா சரி. அடுத்து கோட்டைவாசல் ஏத்தத்துல மூணாவது கியர்ல ஆக்சிலேட்டர அழுத்தி பாருங்க, சத்தம் மட்டும் கூடி வண்டி வேகம் எடுக்கலன்னா ஸ்லிப் ஆகுது, முதல்ல ஃப்ரீ ப்ளே பாருங்க, அதுல குறை இல்லன்னா பிளேட்ல கிரீஸ் பட்டிருக்கு. முதல் சில நூறு கிலோமீட்டர் அரை கிளட்ச் போடாம, லோடு ஏத்தாம ஓட்டுங்க, புனலூர் போற வேலை இருந்தா கூட்டம் இல்லாத விடியக்காலைல போயிட்டு வாங்க, வீட்டுக்கு வந்ததும் பெல் ஹவுசிங் அடியிலயும் ஆக்சில் சீல்லயும் எண்ணெய் சொட்டுதான்னு ஒரு தடவ குனிஞ்சு பாத்துருங்க.