நாய்க் காப்பகத்தின் கூண்டுகளைப் புதுப்பிக்கும் முறை: தரையில் தொடங்கிப் பெயிண்டில் முடியுங்கள்

தத்துக் கொடுப்பதற்கான நாய்களின் கூண்டுகளைச் சீரமைக்கப் பணம் கிடைத்ததும், பெயிண்ட் வாங்கத்தான் பலருக்கும் முதலில் தோன்றும். ஆனால் தத்தெடுக்க வருபவரை வாசலிலேயே திரும்பிப் போக வைப்பவை மூத்திர வாடையும் ஓயாத குரைப்பும்தான். ஆகவே அவ்விரண்டையும் குறைக்கும் வேலைகளை முதலில் முடிக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு கூண்டுகள் கொண்ட, தமிழ்நாட்டின் சிறிய காப்பகம் ஒன்றுக்குப் பொருந்தும் வகையில் இம்முறையை எழுதியிருக்கிறேன்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், தை முதல் பங்குனிக்குள் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். நாய்களை ஒரு பாதிக்கு மாற்றிவிட்டு, மறுபாதியை மட்டும் காலி செய்யுங்கள்.

முதல் படி: தண்ணீர்ச் சோதனை. காலியான கூண்டில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அது தேங்கும் இடங்களைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். தண்ணீர் அடுத்த கூண்டுக்குள் ஓடினால், ஒரு நாயின் நோய் அடுத்த நாய்க்குப் போகும் வழியும் அதுவே. சுவர் வெடிப்புகளையும் குறித்துக்கொள்ளுங்கள். உண்ணிகள் சுவரேறி அவற்றுக்குள்தான் முட்டையிடுகின்றன.

இரண்டாம் படி: தரை. பழைய பூச்சைக் கொத்திவிட்டு, 50-க்கு 1 என்ற அளவில், அதாவது ஆறடி நீளத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் இறங்கும்படி, வாட்டம் விட்டுப் பூசச் சொல்லுங்கள். கொத்தனார் கண் மதிப்பில் செய்துவிடுவார், அதனால் ரசமட்டத்தை வைத்து நீங்களே ஒருமுறை பாருங்கள். வடிகால் கூண்டுக்கு வெளியே இருக்க வேண்டும். சுவரும் தரையும் சேரும் மூலையைக் கூராக விடாமல் குழிவாக உருட்டிப் பூசினால் அழுக்கு தங்காது. மேற்பரப்பைக் கண்ணாடிபோல் தேய்த்துவிட்டால் ஈரத்தில் நாய் வழுக்கி விழும். லேசாகத் துடைப்பம் இழுத்த சொரசொரப்பே போதும். ஏழு நாளாவது நீராற்ற வேண்டும், அதாவது பூச்சு காயாமல் தண்ணீர் விட்டு ஈரமாக வைத்திருக்க வேண்டும். புதுச் சிமெண்டின் காரம் பாதங்களைப் புண்ணாக்கும் என்பதால், அது நன்றாக உலர்ந்து, பலமுறை கழுவிய பிறகே நாயை விடலாம்.

மூன்றாம் படி: இரண்டை ஒன்றாக்குதல். பக்கத்துப் பக்கத்துக் கூண்டுகளின் பொதுச் சுவரில் ஒன்றரை அடி அகலமும் இரண்டடி உயரமும் கொண்ட வழி திறந்து, மேலே தூக்கும் தகரக் கதவு ஒன்றைப் பொருத்துங்கள். அது கூரையைத் தாங்கும் சுவரா என்பதைக் கொத்தனாரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நாய் ஒரு பக்கம் உறங்கி மறுபக்கம் கழிக்கப் பழகும். கழுவும் நேரத்தில் அதை வெளியே இழுத்துவர வேண்டியதில்லை. எண்ணிக்கை பாதியாகிவிடுமே என்று நிர்வாகிகள் தயங்குவது இயல்புதான். எனினும், படுக்கையிலேயே கழிக்கப் பழகிவிட்ட நாயை வீட்டுக்கு அழைத்துப்போக யார் முன்வருவார்கள் என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

நான்காம் படி: முன்பக்கம். பின்னல் கம்பியைவிடப் பற்றவைத்த கம்பி வலை நல்லது. குட்டிகளுக்கு ஓரங்குலக் கண்ணளவே பாதுகாப்பு. எதிரெதிர்க் கூண்டுகள் ஒன்றையொன்று பார்த்தபடியே இருந்தால் குரைப்பு ஓயாது. ஆகவே கதவின் பாதி அகலத்தைத் தகடால் மறைத்து, நாய் விரும்பும்போது ஒதுங்கிக்கொள்ள இடம் கொடுங்கள்.

ஐந்தாம் படி: கூரை. ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டை வெட்டவோ துளையிடவோ கூடாது. அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. மேற்புறம் வெண்ணிறப் பூச்சு அடித்தால் சித்திரை வெயில் ஓரளவு தணியும்.

ஆறாம் படி: கிருமிநீக்கம். நாய்களுக்கு, குறிப்பாகக் குட்டிகளுக்கு, கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் பார்வோ என்ற வைரஸ் கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிர்ப்புடன் இருக்கும். வழக்கமான பினாயிலை நம்பாதீர்கள். முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கை முழுதும் தேய்த்துக் கழுவ வேண்டும், அழுக்கின்மேல் ஊற்றும் குளோரின் வீண். பிறகு பத்து லிட்டர் தண்ணீரில் 50 கிராம் புதிய பிளீச்சிங் பவுடரைக் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஈரமாகவே விட்டு, நல்ல தண்ணீரில் அலசுங்கள். அதனுடன் ஆசிட் எதையும் சேர்க்கக் கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

இப்போது பெயிண்ட் அடிக்கலாம். நாய் சுவரை நக்கும் என்பதால் ஈயம் கலக்காததாகப் பார்த்து வாங்குங்கள். தரையிலிருந்து அரையடி உயர்ந்த படுக்கைப் பலகையும், பெயர், வயது, போட்ட தடுப்பூசிகள், குணம் ஆகியவற்றைத் தமிழில் எழுதிய சிறு பலகையும் மாட்டுங்கள். தடுப்பூசி முடிந்த பெரிய நாய்களை முதலில் விட்டு, குட்டிகளைக் கடைசியாகக் கொண்டுவாருங்கள்.