அப்கிரேடு முடிந்தது, தளம் திறக்கவில்லை: 502 வந்தால் எங்கே பார்ப்பது?

உங்கள் சர்வரின் உபுண்டுவை 20.04-லிருந்து 22.04-க்கு ஏற்றினீர்கள், ரீபூட்டும் ஆகிவிட்டது, எஸ்எஸ்எச் உள்ளே விடுகிறது, தளம் மட்டும் திறக்கவில்லை. தயவுசெய்து எதையும் அன்இன்ஸ்டால் செய்யாதீர்கள். ஒருமுறை பதற்றத்தில், தளத்தைப் பரிமாறும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸை பர்ஜ் செய்து (கான்ஃபிக்கோடு துடைத்தெடுத்து) புதிதாகப் போட்டேன், பழைய கான்ஃபிக்கும் அதோடு போய்விட்டது, அன்று ராத்திரி தூக்கமும்.

பிரவுசர் என்ன சொல்கிறது என்று பாருங்கள். கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு என்றால், பெரும்பாலும் 80, 443 போர்ட்டுகளில் யாருமே உட்கார்ந்திருக்கவில்லை. வெகுநேரம் சுற்றி டைம்அவுட் ஆனால் முதலில் ஃபயர்வாலைப் பாருங்கள். 502 (பேட் கேட்வே) வந்தால் பாதி நிம்மதி: என்ஜின்எக்ஸ் உயிரோடு இருக்கிறது, பின்னால் இருந்து பிஎச்பி கோடை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம்தான் அதன் கைக்கு எட்டவில்லை.

ஏன் எட்டவில்லை? 20.04-இல் பிஎச்பி 7.4, 22.04-இல் 8.1. என்ஜின்எக்ஸும் எஃப்பிஎம்மும் பேசிக்கொள்ளும் வழியான சாக்கெட் ஃபைலின் பெயரிலேயே இந்த எண் இருக்கிறது. அப்கிரேடு பிஎச்பியை மாற்றியதே தவிர, நீங்கள் கையால் எழுதிய சைட் கான்ஃபிக்கைத் தொடவில்லை, அதனால் என்ஜின்எக்ஸ் இன்னும் காலி செய்துவிட்டுப் போன 7.4 வீட்டின் கதவையே தட்டிக்கொண்டிருக்கிறது. எரர் லாக்கின் கடைசி வரிகளைப் பார்த்தால் அந்த 7.4 சாக்கெட்டின் பெயரும் பக்கத்தில் பிழை எண் 2-ம் இருக்கும், அதாவது அப்படி ஒரு ஃபைலே இல்லை. 8.1-இன் எஃப்பிஎம் ஓடுகிறதா என்று சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் கட்டளையில் உறுதி செய்துகொண்டு, சைட் கான்ஃபிக்கில் சாக்கெட்டைக் குறிக்கும் ஃபாஸ்ட்சிஜிஐ-பாஸ் வரியில் எண்ணை மாற்றி, என்ஜின்எக்ஸின் கான்ஃபிக் சோதனையை ஓட்டி, அது சரி என்று சொன்னபிறகு மட்டும் ரீலோடு கொடுங்கள். பிழை எண் 13 என்றால் சாக்கெட் இருக்கிறது, அனுமதிதான் இல்லை. என்ஜின்எக்ஸை அவர்களுடைய சொந்த ரெப்போவிலிருந்து போட்டிருந்தால் அது வேறு யூசர் பெயரில் ஓடும், எஃப்பிஎம் பூலின் (பிஎச்பியை ஓட்டும் பிராசஸ்களின் கூட்டம்) கான்ஃபிக்கில் அந்தப் பெயருக்கும் இடம் கொடுக்க வேண்டும்.

என்ஜின்எக்ஸே எழுந்திருக்கவில்லை, ஜர்னலில் 'முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில்' என்ற பொருளில் பிழை 98 இருக்கிறது என்றால், இன்னொரு வெப் சர்வரான அப்பாச்சி குடிபுகுந்திருக்கலாம். எஃப்பிஎம் இல்லாத நிலையில் வெறுமனே பிஎச்பி என்று இன்ஸ்டால் செய்தால், உபுண்டுவின் பேக்கேஜ் இன்ஸ்டாலரான ஆப்ட் அப்பாச்சியையும் சேர்த்து இழுத்துவருகிறது. போர்ட்டுகளைக் காட்டும் எஸ்எஸ் கட்டளையில் 80-ஐப் பிடித்திருப்பது யார் என்று பார்த்து, அப்பாச்சியை நிறுத்தி, டிஸேபிளும் செய்துவிடுங்கள். நிறுத்திவிட்டு மட்டும் போனால் அடுத்த ரீபூட்டில் மறுபடி வந்து உட்காரும்.

தளம் திறந்துவிட்டதா? சரி, இன்னும் மூடிவிடாதீர்கள். 7.4-இல் நீங்கள் செய்திருந்த மாற்றங்கள் 8.1-க்குத் தானாக வராது. வேர்ட்பிரஸ் மைஎஸ்க்யூஎல் எக்ஸ்டென்ஷன் இல்லை என்று அழுதால் 8.1-க்கான பேக்கேஜைத் தனியாகப் போடுங்கள். அப்லோடு வரம்பு 2 எம்பிக்குத் திரும்பியிருக்கும். அதைவிட மோசம், பூலின் மேக்ஸ்-சில்ட்ரன், அதாவது ஒரே நேரத்தில் ஓடக்கூடிய பிஎச்பி பிராசஸ்களின் உச்சவரம்பு, டீஃபால்ட்டான 5-இல் நிற்கும். காலையில் ஜோராக ஓடிய தளம் கூட்டம் வந்ததும் மறுபடி மூச்சுத் திணறுவது இதனால்தான். எட்ஸியில் பிஎச்பி 7.4 ஃபோல்டர் பெரும்பாலும் அப்படியே கிடக்கும், அதையும் 8.1 ஃபோல்டரையும் டிஃப் போட்டு (ஒப்பிட்டு) பார்த்து உங்கள் பழைய எண்களைக் கொண்டுவாருங்கள், அதுவரை அந்த ஃபோல்டரை அழிக்க வேண்டாம்.